முட்டி மாத்தினது டாக்டரு... நடக்க வெச்சது யாரு?

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் வரவே முடியலை. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஒரு பதிவைப் படிச்சதுல வந்த எரிச்சல்ல உட்கார்ந்து தட்டிக்கிட்டு இருக்கேன். நண்பர் ஒருத்தர் (பேரு வேண்டாம், நல்ல மனுஷன், பின்னூட்டத்துல பழகின பாசம்) அவங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் மாத்தின கதையை எழுதியிருந்தார். நல்லாத்தான் எழுதியிருந்தார். டாக்டர் 'கண்கண்ட தெய்வம்'னு மூணு இடத்துல வருது. ரோபோவுக்கு ரெண்டு பாரா. ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லிக்கு ஒரு பாரா. நர்ஸ்ங்கற வார்த்தை மொத்தப் பதிவுலயும் ஒரே ஒரு தடவை. அதுவும் எப்படி? "இந்த நர்சுங்கதான் கூப்பிட்டா வரவே மாட்டேங்கறாங்க, எல்லாம் அலட்சியம்." கீழே முப்பது பின்னூட்டம், "ஆமாங்க, எங்க வீட்லயும் இதே கதைதான்"னு.

அங்கேயே பதில் போடத்தான் ஆரம்பிச்சேன். நீண்டுக்கிட்டே போச்சு. சரி, தனிப்பதிவாவே போட்டுடலாம்னு இங்க வந்துட்டேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா போன வருஷம் எங்க அப்பத்தாவுக்கு வலது முட்டி மாத்தினப்போ மூணு ராத்திரி அட்டெண்டரா அந்த வார்டுல கிடந்தவன். அதுக்கப்புறம் 'ஏன் இப்படி ஆச்சு'ன்னு தூக்கம் கெட்டுப் படிச்சவன். அந்தத் தகுதியிலதான் பேசறேன். என் கட்சி சிம்பிள். முட்டி மாத்தறதும் இடுப்பு மூட்டு மாத்தறதும் பாதி வேலைதான். மீதிப் பாதி ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய நடக்குது. அதைச் செய்யறவங்க நர்சுங்க. அந்தப் பாதியை நம்ம ஆஸ்பத்திரிங்க வேணும்னே பட்டினி போடுது. அதுக்கு நாமளும் கைதட்டிக்கிட்டு இருக்கோம்.

முதல்ல அப்பத்தா கதையைச் சொல்லிடறேன்.

அப்பத்தாவுக்கு எழுபது. சர்க்கரை கிடையாது, கொஞ்சம் பிரஷர் உண்டு. திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டு இட்லி. பத்து மணியிலேருந்து தண்ணிகூடக் கிடையாதுன்னு போர்டு மாட்டியாச்சு. தியேட்டருக்குள்ள போனப்போ மறுநாள் மதியம் ஒன்றரை. பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரு வாய் தண்ணி இல்லை. "எய்யா, நாக்கு ஒட்டிக்கிச்சுடா"ன்னு கேட்டதுக்கு, நான் என்னவோ பெரிய கடமை வீரன் மாதிரி "இல்ல அப்பத்தா, குடிக்கக் கூடாது"ன்னு சொன்னேன். இதுக்கான மருத்துவ வழிகாட்டுதல் என்ன தெரியுமா? திட உணவுக்கு ஆறு மணி நேரம். தெளிவான தண்ணி, பால் சேர்க்காத டீ மாதிரி சமாச்சாரத்துக்கு ரெண்டே ரெண்டு மணி நேரம். இது நேத்து வந்த கண்டுபிடிப்பு இல்லை, பல வருஷமா இருக்கறது. ஆனா அதைச் செய்யணும்னா காலையில ஒவ்வொரு பெட்டா போய், யாருக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன்னு பார்த்து, 'நீங்க இன்னும் குடிக்கலாம், நீங்க நிறுத்துங்க'ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். எல்லாருக்கும் பொதுவா ஒரு போர்டு மாட்டறது ஈசி. போர்டுக்குச் சம்பளம் தர வேண்டாம் பாருங்க.

ஆபரேஷன் பிரமாதமா முடிஞ்சுது. டாக்டர் நிஜமாவே திறமைசாலி. எக்ஸ்ரேயை நானே பார்த்தேன், ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. இதுல எனக்கு ஒரு குறையும் இல்லை.

ராத்திரி அந்த வார்டுல பதினெட்டு கட்டில். பன்னிரண்டு பேர் இருந்தாங்க. நர்ஸ் ஒருத்தர். ஆமா, ஒருத்தர். இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு இருக்கும். கூட ஒரு ஆயாம்மா. அந்தப் பொண்ணு ராத்திரி எட்டு மணியிலேருந்து காலையில எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து நான் பார்க்கலை. ஒரு கட்டில்ல ட்ரிப்ஸ் முடிஞ்சு மெஷின் கத்துது. இன்னொண்ணுல ஒருத்தருக்கு வாந்தி. எமர்ஜென்சியிலேருந்து புதுசா ஒரு இடுப்பெலும்பு முறிவு வருது. நடுவுல பன்னிரண்டு பேருக்கும் பிரஷர் பார்த்து, நாடி பார்த்து, கேஸ் ஷீட்ல எழுதி முடிக்கணும். எழுதலைன்னா காலையில திட்டு. அதனால எழுதற வேலை நடந்துடும். பார்க்கற வேலைதான் நேரம் இருந்தா.

அப்பத்தாவுக்கு வலி மாத்திரை 'தேவைப்பட்டால்'னு எழுதியிருந்தாங்க. இந்த ஒரு வார்த்தைதான் மக்களே எல்லாத்தையும் கெடுத்தது. எழுபது வயசு கிராமத்துக் கிழவி, பத்து புள்ளைங்களைத் தூக்கி வளர்த்தது, வாயைத் திறந்து 'எனக்கு வலிக்குது, மாத்திரை குடு'ன்னு கேட்குமா? ராத்திரி பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடந்துச்சு. நான் "சிஸ்டரைக் கூப்பிடட்டுமா?"ன்னு கேட்டா, "வேணாம்யா, அந்தப் புள்ள ஓடிக்கிட்டே கெடக்கு, பாவம்"னு சொல்லுது. காலையில பத்து மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வந்தார், "எந்திரிங்கம்மா நடக்கலாம்"னார். காலை அசைச்சதுமே அப்பத்தா அலறின அலறல் இருக்கே... "சரி, நாளைக்குப் பார்க்கலாம்"னு ஷீட்ல டிக் அடிச்சுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். முதல் நாள் போச்சு.

வலியை வந்தப்புறம் துரத்தறது வேற, வராம பிடிச்சு வைக்கிறது வேற. பாராசிட்டமால், கிட்னி ஒத்துழைச்சா கூட ஒரு அழற்சி குறைக்கிற மாத்திரை, ரெண்டையும் நேரத்துக்கு நேரம், கேட்டாலும் கேட்காட்டியும் கொடுத்துடணும். அதையும் மீறி வலிச்சாத்தான் மார்ஃபின் வகையறா. பிசியோ பத்து மணிக்கு வர்றார்னா ஒன்பதரைக்குள்ள மருந்து உள்ள வேலை செஞ்சுக்கிட்டு இருக்கணும். டாக்டர் மருந்து எழுதலாம், பிசியோ நடக்க வைக்கலாம். இந்த ரெண்டு கடிகாரத்தையும் ஒண்ணாச் சேர்க்கிறது நர்ஸ் வேலை. நம்ம பாஷையில சொன்னா ஷெட்யூலர். அதைத் தூக்கிட்டு, மத்த ரெண்டு சர்வீசும் சூப்பரா ஓடுதுன்னு பீத்திக்க வேண்டியதுதான்.

இப்ப என் பாவத்தைச் சொல்றேன். அப்பத்தாவுக்குக் கால் மடக்கினபடி இருந்தா கொஞ்சம் வலி குறைவு. பாசக்காரப் பேரன் நான் என்ன செஞ்சேன்? ஒரு தலையணையை எடுத்து முட்டிக்குக் கீழ வெச்சேன். "நல்லாருக்குய்யா"ன்னு தூங்கிடுச்சு. மறுநாள் பகல் ஷிஃப்ட்ல ஒரு சீனியர் சிஸ்டர். நாகர்கோவில் பக்கம், பேச்சுலயே தெரிஞ்சுது. உள்ள வந்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தாங்க. "தம்பி, இந்தத் தலையணைய யாரு வச்சது? முட்டி மடங்குன வாக்குலயே இறுகிப் போவும். பெறவு நீட்டவே ஏலாது. வைக்கணும்னா குதிகாலுக்குக் கீழ வையி, முட்டி தானா நேராவும்"னு சொல்லி எடுத்துக் குதிகால் பக்கம் வெச்சாங்க. பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. மணிக்குப் பத்து தடவையாவது ஆட்டணுமாம், ஆடுசதையில ரத்தம் கட்டாம இருக்க. மூச்சு இழுக்கிற அந்த மூணு பந்து டப்பாவைக் கையில கொடுத்து இழுக்க வெச்சாங்க. யூரின் டியூபை "இது எதுக்கு இன்னும்?"னு டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டு எடுக்க வெச்சாங்க. டியூப் இருந்தா எந்திரிக்கத் தோணாது, கிருமி வேற ஏறும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்த ஆஸ்பத்திரியில நடந்த உருப்படியான பத்து நிமிஷம் அதுதான். அன்னிக்கு சாயந்திரம் அப்பத்தா வாக்கரைப் பிடிச்சு நாலடி நடந்துச்சு.

அந்த சிஸ்டரை அதுக்கப்புறம் நான் பார்க்கலை. ஐசியுவுல ஆள் இல்லைன்னு அங்க மாத்திட்டாங்களாம். ராத்திரி மறுபடி பழைய கதை. மறுபடி வலி, மறுபடி "எய்யா". நான் மறுபடி தலையணையை வெச்சேன். சொன்னதைக் கேட்டவன்தான் நான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துல ஒரு கிழவி முனகும்போது, 'சொன்னாங்களே'ங்கறதெல்லாம் நிக்காது. அந்த நேரத்துக்குத் தலையணையைப் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு ஊசியோட நிக்கிற ஆள் வேணும். ஆள் எட்டாவது கட்டில்ல இருந்தாங்க.

வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். பேக்கேஜ் மூணு ராத்திரி, முடிஞ்சுது. டிஸ்சார்ஜ் சம்மரியில 'நோயாளி நடமாடுகிறார், நிலை திருப்தி'. படி ஏறக் கத்துக் கொடுக்கலை. (ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ணின கால் முதல்ல. இதை எனக்குச் சொன்னது எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல பழ வண்டி வெச்சிருக்கிற அக்கா, அவங்க மாமியாருக்கு ஆனதாம்.) டாய்லெட்ல எப்படி உட்காரணும்னு சொல்லலை. வீட்டுக்கு வந்து மூணு வாரம் ராத்திரி ராத்திரி தலையணை. அதை எடுக்கச் சொல்ல யாரும் இல்லை. ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனா, முட்டி முழுசா நீளலை, பதினஞ்சு டிகிரி மடங்கியே நிக்குது. டாக்டர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு "எக்சர்சைஸ் ஒழுங்காப் பண்ணலையாம்மா?"ன்னு அப்பத்தாவைத் திட்டினார். எழுபது வயசுக் கிழவி, ரெண்டு லட்சத்துக்கு மேல செலவு பண்ணிட்டு, தலையைக் குனிஞ்சு திட்டு வாங்கிட்டு வந்துச்சு. தலையணை வெச்ச நாயி நான் பக்கத்துல நிக்கிறேன்.

நிற்க.

இதை ஒரு குடும்பத்தோட கெட்ட நேரம்னு விட்டுடலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், படிக்கிற வரைக்கும்.

இடுப்பு மூட்டு மாத்தற டெக்னாலஜியோட அடிப்படை, ஜான் சார்ன்லிங்கற டாக்டர் இங்கிலாந்துல ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில 1962-லயே போட்டு முடிச்சது. சின்ன உலோக உருண்டை, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்பு சிமெண்ட். அதுக்கப்புறம் உலோகம் மாறிச்சு, பிளாஸ்டிக் மாறிச்சு, அடிப்படை அதேதான். அப்போ நோயாளி வேகமா எந்திரிச்சு நடக்கறது எப்படி வந்துச்சு? டென்மார்க்ல ஹென்ரிக் கெலட்னு ஒரு சர்ஜன். தொண்ணூறுகள்ல குடல் ஆபரேஷன்ல ஆரம்பிச்சார். அவரோட கேள்வி ரொம்ப எளிமை: 'இந்த ஆளு இன்னிக்கு ஏன் இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கார்?' வலியா, தலைசுத்தலா, டியூபா, பட்டினியா? ஒவ்வொரு காரணத்தையும் தேடித் தேடி அடிச்சார். அதே முறையை மூட்டு ஆபரேஷனுக்குக் கொண்டு வந்தாங்க. டென்மார்க்ல 2000 வாக்கில் இடுப்பு, முட்டி மாத்தினவங்க சுமார் பத்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. 2009-ல அது நாலு நாள். அதே முட்டி, அதே உலோகம். மாறினது ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கிற விஷயங்கள். முன்னாடியே கூப்பிட்டு வகுப்பு எடுக்கறாங்க. இங்கிலாந்துல இதுக்குப் பேரே 'ஜாயின்ட் ஸ்கூல்'. ஆபரேஷன் முடிஞ்ச சில மணி நேரத்துலயே எந்திரிச்சு நிக்க வைக்கிறாங்க. மூட்டு நோயாளிகளுக்குன்னு தனி வார்டு, அதுலயே பழகின நர்சுங்க.

2011-ல அந்த டென்மார்க் ஆளுங்களே இன்னொரு ஆராய்ச்சி போட்டாங்க. இத்தனையும் செஞ்சும் ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சும் சிலர் ஏன் கட்டில்லயே இருக்காங்கன்னு. பதில்: வலி, தலைசுத்தல், உடம்புல தெம்பில்லாதது. ஒரு பங்கு பேருக்கு பிசியோ வரக் காத்திருக்கிறது, எக்ஸ்ரேக்குக் காத்திருக்கிறது, ரத்தத்துக்குக் காத்திருக்கிறது. மறுபடி படிங்க. இதுல எதையாவது ரோபோ தீர்க்குமா?

ரோபோன்னதும் ஞாபகம் வருது. பைபாஸ்ல போனா ஹோர்டிங் பூரா ரோபோதான். கத்தி எங்க வெட்டணும்னு துல்லியம் கிடைக்கும், மறுக்கலை. ஆனா தென் கொரியாவுல பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து பார்த்து 2020-ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, ரோபோ வெட்டின முட்டிக்கும் மனுஷன் வெட்டின முட்டிக்கும் நோயாளியோட நடமாட்டத்துலயோ முட்டி எத்தனை நாள் தாங்குதுங்கறதுலயோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. அது கொஞ்சம் பழைய தலைமுறை ரோபோதான், புதுசு நல்லா இருக்கலாம், இருக்கட்டும். ஆனா 'எங்க வார்டுல அஞ்சு பேருக்கு ஒரு நர்ஸ்'னு ஒரே ஒரு ஹோர்டிங் யாராச்சும் பார்த்திருக்கீங்களா? இன்னொரு கூத்து, அந்த சி.பி.எம். மெஷின் (கட்சி இல்லீங்க, காலைக் கட்டி வெச்சா தானா மடக்கி நீட்டற மெஷின்). அதனால குறிப்பிடும்படியான பலன் இல்லைன்னு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2014-லயே சொல்லிடுச்சு. அப்பத்தா பில்லுல அது ஒரு வரி. மெஷினைக் கட்டிவிட்டுட்டுப் போயிடலாம், கூட ஆள் நிக்க வேண்டாம். அதான் அதுமேல அவ்ளோ பிரியம்.

சரி, நர்ஸ் எண்ணிக்கைக்கும் உயிருக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்பீங்க. லிண்டா எய்க்கன்னு ஒரு அம்மா, அமெரிக்கா, அவங்களே நர்ஸ். பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரிகளை எடுத்து 2002-ல ஒரு ஆய்வு போட்டாங்க. பொது அறுவை சிகிச்சை, எலும்பு, ரத்தக்குழாய் ஆபரேஷன் நோயாளிங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினா, முப்பது நாளுக்குள்ள நோயாளி சாகிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. அதை நம்பாம 2014-ல ஐரோப்பாவுல ஒன்பது நாட்டுல நாலு லட்சத்துக்கு மேல நோயாளிகளை வெச்சுப் பார்த்தாங்க. மறுபடி அதே 7. காரணம்தான்னு நூறு சதவீதம் அடிச்சுச் சொல்ல முடியாது, சம்பந்தம் உண்டுன்னுதான் சொல்லலாம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கறதையோ, ஆடுசதை வீங்கறதையோ, கிழவர் திடீர்னு உளறுறதையோ முதல்ல பார்க்கப் போறது யாருன்னு யோசிச்சா காரணம் புரியாமலா போயிடும்?

இங்க கணக்கு என்ன? இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டுல மூணு நோயாளிக்கு ஒருத்தர், மத்த ஆஸ்பத்திரியில அஞ்சு பேருக்கு ஒருத்தர். கலிஃபோர்னியாவுல இதை 1999-ல சட்டமாவே போட்டாங்க. 2005-லேருந்து அங்க இந்த மாதிரி வார்டுல ஒரு நர்ஸுக்கு அஞ்சு பேருக்கு மேல கூடாது. நம்ம ஊர்ல பேப்பர்ல இருக்கு. நான் பார்த்தது பன்னிரண்டுக்கு ஒண்ணு.

"ஏம்ப்பா, அவ்ளோ பேரைப் போட்டா கட்டுப்படி ஆகுமா?"ன்னு ஒரு அனானி வருவார். வாங்கண்ணே, கணக்குப் போடுவோம். இன்சூரன்ஸுக்காகப் பிரிச்சுக் கொடுத்த பில் என்கிட்ட இருக்கு. 'நர்சிங் சார்ஜ்', ஒரு நாளைக்கு 600 ரூபாய். பதினெட்டுக் கட்டிலும் எப்பவும் நிறையாது, பன்னிரண்டுன்னே வெச்சுக்குவோம். மாசத்துக்கு 2,16,000 ரூபாய். அந்த வார்டுக்கு மொத்தம் ஆறு நர்ஸுங்க, மூணு ஷிஃப்டுக்கும், லீவுக்கும் சேர்த்து. ராத்திரி டீ குடிக்கிறப்போ அந்தப் பொண்ணே சொல்லுச்சு, சம்பளம் பதினாலாயிரம். ஆறு பேருக்கு 84,000. மீதி 1,32,000 எங்க போச்சு? 'அதுல பஞ்சு, கையுறை, ஊசி செலவு'ன்னு சொல்லாதீங்க, அதுக்குத் தனியா ரெண்டு பக்கம் பில் போட்டிருக்காங்க, கையுறை ஜோடி ஜோடியா எண்ணி. ஆளுக்கு இருபதாயிரம் கொடுத்து பத்து பேரைப் போட்டாலும் 2,00,000தான் ஆகும். 16,000 மிச்சம். பத்து பேர் இருந்தா அஞ்சுக்கு ஒருத்தர்ங்கற அளவு ராத்திரியிலகூடக் கிட்டத்தட்ட வந்துடும். அதாவது நர்சுக்குன்னு சொல்லி நம்மகிட்ட வாங்கற காசுலயே ஆள் போடலாம். போடறதில்லை. இதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.

அந்த இருபதாயிரமும் நான் வானத்துலேருந்து பிடிச்சதில்லை. 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, அம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலகூட நர்ஸுக்கு 20,000க்குக் குறையக் கூடாதுன்னுச்சு. இருநூறு படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். கேரளாவுல நர்சுங்க சங்கம் வெச்சு, தெருவுல இறங்கி, 2018-ல அந்த இருபதாயிரத்தைக் குறைந்தபட்சமா அரசாணையில வாங்கினாங்க. நம்ம ஊர்ல? தனியாரை விடுங்க, அரசாங்கமே பரீட்சை வெச்சு எடுத்த நர்சுங்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்துச்சு. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னது நடக்காததால 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்தாங்க. அப்ப நம்ம ஆளுங்க எத்தனை பேர் அதைப் பத்தி எழுதினோம்? நானும் எழுதலை. அந்த வாரம் என்ன படம் வந்துச்சோ அதுக்கு விமர்சனம் எழுதியிருப்பேன்.

இதே 2017 ஆகஸ்ட்ல முட்டிக்கு விலைக் கட்டுப்பாடு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சராசரியா ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்த சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டி 54,720 ரூபாய்க்கு இறங்குச்சு. எல்லாரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனா இரும்புக்கு எவ்ளோன்னு கேட்கத் தெரிஞ்ச நமக்கு, அதுக்கப்புறம் காலைப் பார்த்துக்கப் போறது எத்தனை பேர்னு கேட்கத் தெரியலை பாருங்க.

இன்னொரு பித்தலாட்டம், இந்த 'சீக்கிரம் குணமாகலாம்' விளம்பரம். 'மூன்றே நாளில் வீடு திரும்பலாம்'. டென்மார்க்ல நாள் கணக்கு வெச்சு அனுப்பறதில்லை. தானா எந்திரிக்கிறாரா, தானா டாய்லெட் போறாரா, வாக்கரோ ஊன்றுகோலோ வெச்சு நடக்கிறாரா, வலி மாத்திரையிலயே அடங்குதா? இதெல்லாம் ஆமான்னா அனுப்புவாங்க, இல்லைன்னா இருக்கணும். நம்ம ஆளுங்க அந்த முறையிலேருந்து நாள் கணக்கை மட்டும் திருடிட்டு, அந்த நாளைக் குறைச்ச உழைப்பை விட்டுட்டாங்க. கட்டில் காலியாச்சுன்னா அடுத்த பேக்கேஜ். மீதி வேலையைச் செய்யறது யாரு? வீட்டுல இருக்கிற பொம்பளைங்க. எங்க வீட்டுல எங்க அம்மா. அவங்களுக்கே முட்டி வலி.

"நர்சுங்க எரிஞ்சு விழறாங்களே"ன்னு சொல்ற நண்பர்களுக்கு: விழறாங்கதான். நானே வாங்கியிருக்கேன். பன்னிரண்டு பேருக்கு ஒரே ஆளா நிக்க வெச்சா நீங்க என்ன பண்ணுவீங்க? சனிக்கிழமை ராத்திரி புரொடக்ஷன் படுத்துக்கிட்டப்போ ஆன்சைட்லேருந்து போன் மேல போன் வந்தா நாம எவ்ளோ இனிமையாப் பேசுவோம்னு எனக்குத் தெரியும். நமக்கு அப்படி ராத்திரி மாசத்துல ஒண்ணு. தப்பு நடந்தா ரோல்பேக் பண்ணிக்கலாம். அதோட, வெள்ளை டிரஸ் போட்ட எல்லாரும் நர்ஸ் இல்லைங்கறதையும் தெரிஞ்சுக்குங்க. டிப்ளமோ மூணு வருஷம், டிகிரி நாலு வருஷம் படிச்சு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணினவங்கதான் நர்ஸ். ஆஸ்பத்திரியே ஆறு மாசம் சொல்லிக் கொடுத்து யூனிஃபார்ம் மாட்டி விட்ட புள்ளைங்களும் அதே வார்டுல ஓடுது. அதுங்க மேலயும் தப்பில்லை. நிக்க வெச்சவன் தப்பு. ஐரோப்பா ஆய்வுலயே இன்னொண்ணும் சொல்லியிருக்காங்க, டிகிரி படிச்ச நர்சுங்க பங்கு பத்து சதவீதம் கூடினா சாவு வாய்ப்பு 7 சதவீதம் குறையுதாம். படிப்புக்கு மரியாதை நம்ம துறையில மட்டும்தானா?

அரசு ஆஸ்பத்திரியில இன்னிக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல மூட்டு மாத்தறாங்க, நல்லாவும் மாத்தறாங்க. அங்கயும் இதே ஆள் பற்றாக்குறைதான், இன்னும் மோசமாகூட இருக்கும். ஆனா அங்க நர்சிங் சார்ஜ்னு தலைக்கு 600 ரூபாய் வாங்கலை. அதனால என் கோபம் முதல்ல வாங்கினவன் மேலதான்.

அப்பத்தா இப்ப எப்படி இருக்குன்னு கேட்பீங்க. செக்கப்புக்கு அப்புறம் எங்க ஊர்லயே ஒரு பிசியோதெரபிஸ்ட், ரெண்டு மாசம் தினமும் வீட்டுக்கு வந்தார். பதினஞ்சு டிகிரி அஞ்சு டிகிரியா ஆச்சு. அதுக்கு மேல வரலை. லேசா விந்தி விந்தித்தான் நடக்குது. முன்னாடி இருந்த வலி இல்லைன்னு சந்தோஷமாத்தான் இருக்கு. இடது முட்டியும் தேய்ஞ்சு போச்சு, அதையும் மாத்திடலாம்னு அப்பா கேட்டார். "மாத்துறதுன்னா மாத்துங்கடா, ஆனா அந்தத் தலையணைய எடுத்த புள்ள இருந்தா மட்டும் வாரேன்"னு சொல்லிடுச்சு. நானும் ஆறு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, "மூட்டு வார்டுல ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்?"னு கேட்டேன். நாலு இடத்துல ரோபோ பத்திச் சொன்னாங்க. ஒரு இடத்துல "எதுக்கு சார் கேக்கறீங்க, நீங்க பிரஸ்ஸா?"ன்னாங்க. ஒரே ஒரு இடத்துல ஒரு சிஸ்டரே லைன்ல வந்து, "ஆறு பேருக்கு ஒருத்தர் சார், சில நாள் எட்டு ஆயிடும், பொய் சொல்ல மாட்டேன்"னு சொன்னாங்க. அங்கதான் அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறோம்.

டிஸ்கி: நண்பர் பதிவுல கும்மியடிச்ச முப்பது பேரும் இங்கயும் வந்து தாராளமாத் திட்டலாம். ஒரே ஒரு கண்டிஷன். உங்க வீட்டு ஆளு இருந்த வார்டுல ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ்னு எண்ணி, அந்த நம்பரைப் பின்னூட்டத்தோட முதல் வரியில போட்டுட்டு அப்புறம் திட்டுங்க.